கல்லைப் பார்த்து எழுதுங்கள்: தேசிய நெடுஞ்சாலை – வாசகர் கேள்வி பதில்

நான்குவழிச் சாலை, நில எடுப்பு, விபத்து, சுங்கம் என்று வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. முதல் கேள்வியின் பதிலை எல்லோரும் படித்துவிடுவது நல்லது. மற்ற பதில்கள் பலவும் அதைச் சார்ந்தவை.

கேள்வி: எங்கள் ஊர் வழியே போகும் சாலையில் விளக்கு எரியவில்லை. ஊராட்சியில் கேட்டால் நெடுஞ்சாலைத் துறை என்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறையில் கேட்டால் 'அது எங்களுடையது இல்லை' என்கிறார்கள். யாரைப் பிடிப்பது? (வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் தலையிலும் இரண்டு கைகள் உண்டு. சில பகுதிகள் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் வசம் இருக்கும். அதற்கு உங்கள் பகுதித் திட்ட இயக்குநர் அலுவலகம்தான் பொறுப்பு. மற்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் 'தேசிய நெடுஞ்சாலைகள்' பிரிவில், கோட்டப் பொறியாளரிடம் இருக்கும். சுங்கச்சாவடி உள்ள நான்குவழிச் சாலை பெரும்பாலும் ஆணையத்தின் வசம்தான். சந்தேகமென்றால் 1033க்குப் பேசுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நாடு முழுக்க அந்த ஒரே எண்தான்.

பேசும்போதும் எழுதும்போதும் 'டீக்கடை எதிரில்', 'வளைவு தாண்டி' என்று சொன்னால் கோப்பு நகராது. கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கும் இடையே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டு 2, 4, 6, 8 என்று எழுதியிருப்பார்கள். '214/6, சேலம் நோக்கிப் போகும் பக்கம்' என்று எழுதினால் பொறியாளர் தன் வரைபடத்தில் உங்கள் கம்பத்தையே தொட்டுவிடுவார். சிறு கல் மண்ணில் புதைந்து போயிருந்தால் கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்து அனுப்புங்கள்.

சாலை எண்ணிலும் கவனம் தேவை. 2010இல் எல்லாத் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் எண் மாற்றினார்கள். ஓசூர், சேலம், மதுரை, கன்னியாகுமரி வழியாகப் போன பழைய 7 இப்போது 44. சேலம்–கோவை–கொச்சி 47 என்பது 544 ஆயிற்று. நாம் இன்னும் 'ஜி.எஸ்.டி. ரோடு', '45' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சுக்கு அது சரி, மனுவுக்குச் சரிப்படாது.

கேள்வி: ஊருக்கு நேரே இருந்த சென்டர் மீடியன் திறப்பைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்க வயலுக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. மறுபடி திறக்க வைக்க முடியுமா? (விவசாயி, சேலம் மாவட்டம்)

திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கிடைத்தாலும் அது நல்லதில்லை. காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறோம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. எதிரில் எதையோ கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை விநாடி என்று வடிவமைப்பு விதிகள் கொள்கின்றன. அதற்குள்ளேயே கார் 70 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்து நிற்பதையும் சேர்த்தால் இந்திய சாலைக் கழக விதிப்படி 180 மீட்டர் வேண்டும். இந்தப் பக்கம், 11 மீட்டர் நீளமுள்ள பேருந்து நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, ஏழு மீட்டர் அகலச் சாலையைத் தன் வால்பகுதியும் தாண்டும்படி கடக்க ஏறக்குறைய ஏழு விநாடி ஆகும். அந்த ஏழு விநாடியில் அந்தக் கார் 190 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். ஓட்டுநர் ஒரு நொடி அசந்தாலும் போதும். நடுத்திட்டின் அகலமோ நாலரை, ஐந்து மீட்டர்தான். அதில் கார் ஒருவாறு ஒண்டிக்கொள்ளும். பேருந்தும் டிரெய்லர் பூட்டிய டிராக்டரும் திட்டுக்குள் நின்றால் அவற்றின் பின்பாதி வேகத்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் பின்விளக்கு இல்லாத டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். ஊரக நான்குவழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் இடைவெளிக்குள் இன்னொரு திறப்பு கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது.

ஆனால் அடைத்துவிட்டுச் சும்மா போவதும் தவறு. மூன்று கிலோமீட்டர் சுற்றச் சொன்னால் மக்கள் சுற்ற மாட்டார்கள். எதிர்த்திசையில் ஓரமாக வண்டியை ஓட்டிப் போவார்கள். அப்போது பக்கவாட்டில் நடந்த மோதல் நேருக்கு நேர் மோதலாக மாறும். எனவே இருபுறமும் சர்வீஸ் சாலை, அதை இணைக்கக் கீழ்ப்பாலம் என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கீழ்ப்பாலம் கேட்கும்போது அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது. பெரியது 20 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் உயரம். நடுத்தரம் 12க்கு 4. சிறியது 7க்கு 4. 'கீழ்ப்பாலம் கொடுத்தாச்சு' என்று 7 மீட்டர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் ஆளும் ஆடும் போகலாம், பேருந்தும் ஒருவாறு நுழையும். நெல் அறுவடை இயந்திரமும் கூரை உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். உங்கள் ஊரில் எந்த வண்டி மிக உயரம், எது மிக அகலம் என்று நாடா வைத்து அளந்து மனுவில் எழுதுங்கள்.

கூடவே ஒரு நாள் முழுக்க, வழக்கமான நாளொன்றில், யார் யார் கடக்கிறார்கள் என்று எண்ணி எழுதி இணையுங்கள். பொறியாளர்கள் எல்லாவற்றையும் 'கார் அலகில்' மாற்றித்தான் பார்ப்பார்கள். கார் 1, இருசக்கர வாகனம் 0.5, லாரியும் பேருந்தும் 3, டிரெய்லருடன் டிராக்டர் 4.5. மாட்டு வண்டிக்கு 8! சாலையை அடைத்து மெதுவாகப் போவதால் அந்த மதிப்பு. எட்டுக் காருக்குச் சமம் என்று அரசு ஒப்புக்கொண்ட ஒரே இடத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் கணக்கில் விடுபட்டுப் போவதுதான் வேடிக்கை.

கேள்வி: எங்கள் பிரிவுச் சாலையில் வாரம் ஒரு விபத்து. ஆனால் 'கரும்புள்ளிப் பட்டியலில் இல்லை' என்கிறார்கள். பட்டியலில் சேர எத்தனை பேர் சாக வேண்டும்? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

கோபம் நியாயமானது. கேள்விக்கு எண்ணிக்கையாகவே விடை இருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது மொத்தம் 10 உயிரிழப்புகள். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் அது கரும்புள்ளி.

வாரம் ஒரு விபத்து நடந்தும் பட்டியலில் வராததற்கு மூன்று காரணங்களைப் பார்க்கிறோம். முதலாவது, வழக்கே பதிவாகாமல் போவது. 'பேசி முடித்துக்கொண்ட' விபத்து அரசைப் பொறுத்தவரை நடக்காத விபத்து. காவல்துறை மின்னணு விபத்துப் பதிவில் இடக்குறியோடு ஏற்றினால்தான் அது கணக்கில் வரும். இரண்டாவது, காயத்தின் வகை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு பிறகு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தால், காவல் நிலையக் கோப்பில் 'சிறு காயம்' என்றே நின்றுவிடும். காயச் சான்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. இடக்குறிப்புத் தவறு. உங்கள் பிரிவில் நடந்த விபத்தை 'பெட்ரோல் பங்க் அருகில்' என்று ஒருவரும் 'பாலம் அருகில்' என்று இன்னொருவரும் எழுதினால் ஐந்து விபத்து இரண்டு இடத்துக்குப் பிரிந்துவிடும். 500 மீட்டர் சாளரம் எங்கே தொடங்குகிறது என்பதும் முடிவை மாற்றும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு ஒன்றை மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கி.மீ. எண் இத்தனை முதல் இத்தனை வரை, மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்து வழக்குகளின் எண், தேதி, இடம், காய வகை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கையில் பட்டியல் வந்ததும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஐந்து சேர்ந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அந்தத் தாளையே மனுவாகக் கொடுங்கள். சேராவிட்டாலும் கொடுங்கள். கரும்புள்ளி ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்பதே ஆள் சாவதற்கு முன் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக வந்த முறை.

கேள்வி: பள்ளி எதிரில் வேகத்தடை போடச் சொல்லி ஐந்து முறை மனு கொடுத்தோம். ஏன் மறுக்கிறார்கள்? (பெற்றோர் சங்க உறுப்பினர், கரூர்)

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்று 2016 ஏப்ரலில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டு இருந்தவற்றையும் அகற்றச் சொன்னது. விதிப்படியான வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ளது. 25 கி.மீ. வேகத்தில் கடக்க வடிவமைத்தது. 80இல் வருபவர் அதில் ஏறினால் வண்டி கையை விட்டுப் போகும். திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லாரி ஏறும். பள்ளிப் பிள்ளைகளை இரண்டுமே காப்பாற்றாது.

நடைமேம்பாலமும் கேட்காதீர்கள். நெடுஞ்சாலைக்கு மேல் 6 மீட்டர் ஏற, 15 செ.மீ. படியென்றால் 40 படி. அந்தப் பக்கம் 40 இறங்க வேண்டும். முதுகில் பையோடு பிள்ளைகள் ஏற மாட்டார்கள், திட்டைத் தாண்டிக் குதிப்பார்கள். சாலை கரைமேல் உயர்ந்து போகும் இடமென்றால் தரைமட்டத்திலேயே நடந்து போகும் பாதசாரிக் கீழ்ப்பாதைதான் சரி. அது வரும்வரை, முன்கூட்டியே பள்ளி எச்சரிக்கைப் பலகை, குறுக்கு அதிர்வுக் கோடுகள், மஞ்சள் மின்னும் விளக்கு, நடுத்திட்டில் குதிக்க முடியாத வேலி, பேருந்து நிற்கத் தனி ஒதுக்கிடம் கேளுங்கள். சர்வீஸ் சாலையில் வேகத்தடைக்கு இந்த மறுப்பு பொருந்தாது. அங்கே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சாலையோர இரும்புத் தடுப்பு காரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன படங்களைப் பார்க்கிறோம். காப்பாற்ற வைத்ததே கொல்லுமா? (வாசகர், திருச்சி)

தவறாகப் பொருத்தினால் கொல்லும். 'டபிள்யூ' வடிவத் தகடு மோதிய வண்டியைச் சுவர்போல் நிறுத்துவதற்கு வைத்ததில்லை. வளைந்து கொடுத்து, வேகத்தைத் தின்று, வண்டியைச் சாலைப் பக்கமே திருப்பிவிட வேண்டும். அதற்குத் தகடு 3 மி.மீ. தடிமன், தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். 1.8 மீட்டர் தூணில் 1.1 மீட்டர் மண்ணுக்குள். தூணுக்குத் தூண் 2 மீட்டர். தூணுக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் இடைத்துண்டு. இது இல்லாவிட்டால் சக்கரம் தூணில் சிக்கி வண்டி சுழலும்.

நீங்கள் சாலையோரம் நின்றே பார்க்கக்கூடிய பிழைகள் நான்கு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், வண்டி வரும் திசையில் உள்ள தகடு மேலே இருக்க வேண்டும். மாறியிருந்தால் அந்த விளிம்பு கத்தி. தொடக்க முனை வண்டிகளை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றால் அது ஈட்டி. நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் இந்த வகை. முனையைச் சாலையிலிருந்து விலக்கி வளைத்துக் கரையில் புதைக்கவோ, மோதலை வாங்கும் முனையமைப்பைப் பொருத்தவோ வேண்டும். அடுத்தது உயரம். இரண்டு முறை மேல்தளம் போட்டுச் சாலை 10 செ.மீ. உயர்ந்தால் தடுப்பு 60 செ.மீ. ஆகிவிடும். உயரமான வண்டிகள் அதன்மேல் உருளும். கடைசியாக இடைவெளி. பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் இரும்புத் தடுப்புக்கும் இணைப்பே இல்லாமல் நடுவில் இரண்டடி விட்டிருப்பார்கள். வண்டி நேராகச் சுவர் முனையில் போய் நிற்கும். குறுக்கே போக வசதியாக ஊர்க்காரர்களே ஒரு தகட்டைக் கழற்றி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: எங்கள் நிலம் 3ஏ அறிவிக்கையில் வந்திருக்கிறது. நிலம் இனி அரசுடையதா? எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும்? (விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்)

இல்லை. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 3ஏ என்பது 'எடுக்க எண்ணம் உண்டு' என்ற அறிவிப்பு மட்டுமே. நிலம் அரசிடம் சேர்வது 3டி அறிவிக்கையில். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 8.4.2019 அன்று நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 8.12.2020 அன்று உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் அந்தக் கட்டத்திலேயே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது செல்லாது என்பதையும் உறுதி செய்தது. ஆகவே இன்றே பட்டாவைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

அறிவிக்கை வெளியானதிலிருந்து ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். எழுத்தில், தனி மாவட்ட வருவாய் அலுவலரிடம் (நில எடுப்பு) கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணை கேட்கும் உரிமை உண்டு. அதையும் மனுவிலேயே எழுதுங்கள். 'நிலம் தர மாட்டோம்' என்ற ஒற்றை வரி ஆட்சேபம் ஒரே வரியில் தள்ளுபடியாகும். புல எண் உட்பிரிவு தவறு, கிணறு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் பிரிகிறது, எஞ்சும் துண்டு உழவுக்கு உதவாது, வாய்க்கால் அறுபடுகிறது, வழிப்பாதை மறைகிறது என்று புல வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். முழுத் திட்டமும் விலகாவிட்டாலும், சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக உறைக்குழாய் பதித்துத் தரச் சொல்வது எளிதில் கிடைக்கக்கூடியது. அதைக் கட்டுமானத்துக்கு முன் கேட்க வேண்டும். தார் போட்ட பிறகு சாலையைத் துளைக்க அனுமதி வாங்குவது தனிப் போராட்டம்.

3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த காலம் இதில் சேராது. 3டிக்குப் பிறகு இழப்பீடு நிர்ணயம், தொகை வைப்பு, அதன்பின் இடத்தை ஒப்படைக்க 60 நாள் அறிவிப்பு என்று போகும்.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அது அடிப்படை. ஊரகமென்றால் 1 முதல் 2 வரையான பெருக்கெண் சேரும். மரம், கிணறு, கட்டடம் கூட்டி, மொத்தத்துக்கு இணையாக ஆறுதல் தொகை 100 சதவீதம். நில மதிப்புக்கு 3ஏ நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம். பெருக்கெண் 1 என்றே வைத்து ஒரு கணக்கு: நிலம் 10 லட்சம், மரமும் கிணறும் 2 லட்சம் என்றால் 12, ஆறுதல் தொகை 12, ஓராண்டுக்கு 1.2, ஆக 25.2 லட்சம். உத்தரவில் இந்த நான்கு வரியும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுத்தது செல்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தொகை குறைவென்றால் 3ஜி(5) பிரிவில் நடுவரிடம் போகலாம். நடைமுறையில் மாவட்ட ஆட்சியரே நடுவர். அலுவலர்கள் வந்து நிலம், மரம், கிணற்றை அளந்து எழுதும் கூட்டு அளவீடு நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள். அன்று எழுதப்படாத தென்னைக்குப் பிறகு விலை வாங்குவது கடினம்.

கேள்வி: சாலையோரப் பட்டா நிலத்தில் கடை கட்டலாமா? (வாசகர், தர்மபுரி)

திறந்தவெளிப் பகுதியில் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு என்பது இந்திய சாலைக் கழக வரையறை. ஊரமைப்பு அனுமதி வேறு. கடைக்கு நெடுஞ்சாலையிலிருந்து வழிவிடக் கேட்பது வேறு. இரண்டும் வேண்டும். பட்டா இருப்பதால் வழி கிடைத்துவிடாது.

கேள்வி: திறந்து இரண்டே வருடத்தில் சாலை பிளந்துவிட்டது. சுங்கம் மட்டும் குறையவில்லை. எதனால் இப்படி ஆகிறது? யார் சரிசெய்ய வேண்டும்? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

லாரி உரிமையாளரே கேட்டதால் சங்கடமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறோம். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும். அதாவது சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. வடிவமைப்புக்கு அடிப்படையான அச்சு 8.16 டன். 2018இல் நாலு டயர் பின்னச்சுக்கு அனுமதித்த 11.5 டன் சுமை, ஒரு முறை போனால் நான்கு அடிப்படை அச்சுகள் போனதற்குச் சமம். அதே அச்சில் 16 டன் ஏற்றினால் ஏறத்தாழ 15க்குச் சமம். பதினைந்து ஆண்டுக்குப் போட்ட சாலை எங்கே போயிற்று என்பதற்கு ஒரு பகுதி விடை அங்கே இருக்கிறது.

மறுபாதி ஒப்பந்தக்காரருடையது. மண்கரையை 20 செ.மீ.க்கு மிகாத அடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும். அவசரத்தில் அரை மீட்டர் கொட்டி உருளை ஓட்டினால் மேலே கல்போல் இருக்கும், கீழே சோறுபோல் இருக்கும். முதல் மழையில் பாலத்தை ஒட்டி அமிழ்வது இதனால்தான். தார்க்கலவை விஜி-30 வகைத் தாரில் போட்டது என்றால் விரிக்கும்போது வெப்பம் 140 பாகைக்குக் குறையக் கூடாது. உருளை ஓட்டி முடிப்பதற்குள் 90க்குக் கீழே போகக் கூடாது. கலவை நிலையத்திலிருந்து தார்ப்பாய் மூடாமல் வந்த டிப்பர் சுங்கச்சாவடியில் அரை மணி காத்திருந்தால் கலவை விறைத்துவிடும். எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் போனால் தார் கல்லை விட்டு உரியும். சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டரை சதவீதச் சரிவு, அதாவது ஏழு மீட்டருக்கு 17.5 செ.மீ. இறக்கம் இருக்கிறதா என்று மழை நின்ற பத்தாவது நிமிடத்தில் போய்ப் பாருங்கள். தேங்கிய இடம் அடுத்த ஆண்டுப் பள்ளம்.

சுங்கம் வசூலிக்கும் நிறுவனமே பராமரிக்கும் முறையில், மாதிரி ஒப்பந்தத்தின் அட்டவணையிலேயே கெடு இருக்கிறது. பள்ளத்துக்கு 24 மணி நேரம். ஒரு கிலோமீட்டரில் 5 சதவீதத்துக்கு மேல் வெடிப்பு என்றால் 30 நாள். தார் பொங்கி வழுக்கினால் 7 நாள். சாலையில் கிடக்கும் இடிபாட்டை அகற்ற 6 மணி நேரம். அரசுப் பணத்தில் கட்டிய சாலையென்றால் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒப்பந்தத்தில் இருக்கும், பல ஒப்பந்தங்களில் 5 ஆண்டு. உங்கள் சாலை எந்த முறை, கெடு எவ்வளவு என்பதை ஒப்பந்த அட்டவணை நகல் கேட்டுத் தகவல் உரிமை மனுவில் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் ஏன் இத்தனை விபத்து? சாலைப் பிழையா, ஓட்டுநர் பிழையா? (ஓட்டுநர், கிருஷ்ணகிரி)

இரண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் திசையில் நீண்ட இறக்கமும் வளைவும் சேர்ந்து வருகின்றன. வளைவைச் சீராக்கக் கூடிய உயர்மட்டச் சாலைத் திட்டம் எடுக்கப்பட்டதே சாலையில் பிழை உண்டு என்பதற்கு ஒப்புதல்.

ஓட்டுநர் பக்கத்துப் பிழை 'நியூட்ரல்'. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலை எரித்த வெப்பத்துக்குச் சமம். கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடியை இழக்கும். பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் என்பதும் பழைய வண்டிக் கதை. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் கியரில் இருக்கையில் காலை எடுத்தால் டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தானாக ஓட டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்தால் காற்றுத் தொட்டி நிரம்பாது, ஸ்டியரிங்கும் இறுகும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கேள்வி: மேம்பால வேலை நடக்கும் இடத்தில் பலகை பள்ளத்தின் மேலேயே நிற்கிறது. விதி என்ன?

80–100 கி.மீ. வேகச் சாலையில் முதல் எச்சரிக்கை 300 முதல் 500 மீட்டர் முன்பே தொடங்க வேண்டும். பிறகு 100–200 மீட்டரில் தடத்தைச் சாய்வாகக் குறுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வேலையிடம். வேலை முடியும் இடத்தில் பழைய தடத்துக்குத் திரும்பும் சாய்வு. வெள்ளையடித்த கல்லும் மணல் மூட்டையும் தடுப்பு ஆகா. இரவில் தெரியாது, மோதினால் கல் தெறிக்கும். மிகப் பெரிய பிழை, மாலை வேலை முடிந்ததும் விளக்கையும் கொடியாளையும் எடுத்துவிட்டுப் பள்ளத்தை மட்டும் விட்டுப் போவது. இருட்டில் ஒரு காணொளி எடுத்து, கல் எண்ணோடு 1033க்கும் திட்ட இயக்குநருக்கும் அன்றிரவே அனுப்புங்கள்.

கேள்வி: 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சுங்கச்சாவடி சட்டவிரோதம்தானே?

எப்போதும் அப்படியில்லை. 2008 கட்டண விதிகள் அதே திசையில் 60 கி.மீ. இடைவெளி என்கின்றன. காரணத்தை எழுத்தில் பதிந்து குறைக்கவும் இடம் தருகின்றன. பாலம், புறவழி, சுரங்கத்துக்கு விலக்கும் உண்டு. அந்த 'எழுத்தில் பதிந்த காரணத்தின்' நகலைக் கேளுங்கள். சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவரின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

கேள்வி: பள்ளத்தில் விழுந்து தம்பி இறந்தார். வேறு வண்டி மோதவில்லை. சாலை போட்டவர்மேல் வழக்குப் போட முடியுமா? (வாசகி, மதுரை மாவட்டம்)

முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரத்தை மீறியதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்த அபராதம் விபத்து நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது. குடும்பத்துக்கான இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்ற ரிட் மனுவோ உரிமையியல் வழக்கோ வழி. வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு கேள்வியில்: அந்த இடம் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? நீதிமன்றம் இதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதே பள்ளத்தைப் பற்றி ஊரில் யாராவது முன்பு 1033இல் பேசியிருந்தால் புகார் எண், பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் ஒப்புகை அட்டை, ஊராட்சித் தீர்மானம் இருந்தால் அதன் நகல், எல்லாவற்றையும் திரட்டுங்கள். பள்ளத்தை அடைப்பதற்கு முன் அளவுகோல் வைத்து நீள, அகல, ஆழத்தோடு, பக்கத்துக் கல்லும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையில் 'வாகனத்தை அஜாக்கிரதையாக ஓட்டி' என்று இறந்தவர்மேலேயே எழுதியிருந்தால், சாலையின் நிலையைச் சேர்த்து விசாரிக்கக் கோரி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு தகவல். விபத்தில் அடிபட்டவருக்கு மத்திய அரசின் 2025 மே திட்டப்படி ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு உண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும், இடத்தின் கல் எண்ணோடு.